ஏரித் தண்ணீரில் தெரிந்த உலகம்: பாக்டீரியாவை முதலில் பார்த்த ஜவுளிக்கடைக்காரர் மறைத்த ரகசியம் என்ன?

ஓர் ஏரியில் இருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்து, இதில் இதுவரை யாருக்கும் தெரியாத பாக்டீரியா இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது? இன்றைக்கு அதற்குத் தெளிவான நடைமுறை உண்டு. மரபணு வரிசை வேண்டும், உயிருள்ள மாதிரி வேண்டும், முறைப்படி ஒரு பெயர் வேண்டும்.

350 ஆண்டுகளுக்கு முன்பு இதெல்லாம் எதுவுமே கிடையாது. பாக்டீரியா என்ற சொல்லே கிடையாது. அந்தக் காலத்தில், காலேஜ் பக்கமே போகாத ஒரு துணி வியாபாரி, உள்ளங்கையில் அடங்கும் கருவியை வைத்து அந்த உலகத்தைப் பார்த்தார். பார்த்ததை நம்ப வைக்கப் போராடினார், அதில் ஜெயித்தும் விட்டார். ஆனால் எப்படிப் பார்த்தார் என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவே இல்லை. அந்த மௌனத்துக்கு அறிவியல் கொடுத்த விலை பெரிது.

அவர்தான் ஆன்டனி வான் லீவன்ஹூக். நுண்ணுயிரியலின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போமே, அதே ஆள்தான்.

யார் இந்த லீவன்ஹூக்?

1632 அக்டோபர் 24 அன்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். கால்வாய்களும் பீங்கான் பட்டறைகளும் நிறைந்த ஊர். உலகப் புகழ்பெற்ற ஓவியர் வெர்மீருக்கும் அதே ஊர்தான், அதே மாதத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. பின்னாளில் வெர்மீர் கடனில் இறந்தபோது, அவருடைய சொத்துக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு 1676-ல் லீவன்ஹூக்கிடம்தான் வந்தது.

அப்பா கூடை முடைபவர். லீவன்ஹூக்குக்கு 5 வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். பையனை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அப்புறம் உறவினர் வீட்டில் கொஞ்ச காலம். 16 வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஜவுளிக்கடையில் தொழில் பழகப் போய்விட்டார். படிப்பு அத்தோடு முடிந்தது.

அன்றைய அறிவியலின் மொழி லத்தீன். அது அவருக்குத் தெரியாது. தெரிந்தது டச்சு ஒன்றுதான்.

1654-ல் டெல்ஃப்டுக்குத் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, சொந்தமாக ஜவுளிக்கடை வைத்தார். மனைவி பார்பரா. 5 குழந்தைகள் பிறந்தன. அவர்களில் பிழைத்தது மரியா என்ற ஒரே மகள். 1666-ல் பார்பராவும் இறந்துபோனார். 1671-ல் கார்னீலியா என்பவரை லீவன்ஹூக் மறுமணம் செய்துகொண்டார்.

கடை வருமானத்தோடு நகராட்சி வேலைகளும் கிடைத்தன. 1660-ல் நகர மன்றக் கூடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு வந்தது. 1669-ல் நில அளவையர் தேர்வில் தேறினார். 1679 முதல் ஊருக்குள் வரும் ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்தது.

நூல் எண்ணுவது, நிலம் அளப்பது, பீப்பாய் அளப்பது. மூன்றுமே துல்லியமாகக் கணக்குப் பார்க்கிற வேலை. இந்தப் பழக்கம்தான் பின்னால் அவருக்குப் பெரிய ஆயுதமாகப் போகிறது.

லென்ஸ் பைத்தியம் எங்கே தொடங்கியது?

துணி வியாபாரத்தில் பூதக்கண்ணாடி சாதாரணப் பொருள். இழைகள் எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கின்றன என்று பார்த்துத்தான் துணியின் தரத்தை முடிவு செய்வார்கள். அங்கிருந்து லென்ஸ் மீது ஆர்வம் வந்திருக்கலாம் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் ஊகம்.

1665-ல் லண்டனில் ராபர்ட் ஹூக் எழுதிய மைக்ரோகிராஃபியா புத்தகம் வெளியானது. பேன், பூஞ்சணம், ஊசி முனை என்று நுண்ணோக்கியில் பார்த்ததை எல்லாம் பெரிய பெரிய படங்களாக வரைந்திருந்தார். ஐரோப்பாவையே அசத்திய புத்தகம் அது. ஹூக் பயன்படுத்தியது பல லென்ஸ்களை வரிசையாகப் பொருத்திய கூட்டு நுண்ணோக்கி. அன்றைய லென்ஸ்களின் தரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் குறைகளும் சேர்ந்தே பெரிதாகும். உருவத்தின் ஓரமெல்லாம் கலங்கி, வண்ணம் பிரிந்து தெரியும்.

லீவன்ஹூக் வேறு வழியில் போனார். ஒரே ஒரு லென்ஸ், அதுவும் மணி போல ரொம்பச் சின்னது. இரண்டு சிறிய உலோகத் தகடுகளுக்கு நடுவே அதைப் பொருத்தினார். பின்பக்கம் ஓர் ஊசி. அதன் நுனியில் பார்க்க வேண்டிய பொருளை ஒட்ட வேண்டும். திருகாணியைத் திருப்பினால் ஊசி ஏறும், இறங்கும், முன்னும் பின்னும் நகரும். தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றால் மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ஏற்றி அந்த ஊசியில் ஒட்டுவார். கருவியைக் கண்ணோடு ஒட்ட வைத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் வேலை முடிந்தது.

பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகச் சிறந்த கருவி சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அன்றைய கூட்டு நுண்ணோக்கிகளால் கிட்டவே நெருங்க முடியாத தெளிவு இது.

எதிரி நாட்டுக்குப் போன கடிதம்

1673-ல் இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் டெல்ஃப்டைச் சேர்ந்த இளம் மருத்துவர் ரெனியர் டி கிராஃப், லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் ஊரில் லீவன்ஹூக் என்று ஒருவர் இருக்கிறார், இதுவரை வந்த நுண்ணோக்கிகளை எல்லாம் மிஞ்சும் கருவிகளைச் செய்கிறார் என்பதுதான் சாரம். பூஞ்சணம், தேனீ, பேன் பற்றி லீவன்ஹூக் எழுதிய குறிப்புகளும் கூடவே போயின.

ஓல்டன்பர்க்கும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வெளிநாட்டவர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த சந்தேகத்தில் 1667-ல் லண்டன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டவர். அப்படியும் போர்க்காலத்தில் டச்சுக்காரரின் கடிதத்தை மொழிபெயர்த்துத் தன் ஆய்விதழில் வெளியிட்டார்.

டி கிராஃப் அதே ஆண்டு ஆகஸ்டில் 32 வயதில் இறந்துவிட்டார். ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு மூடவில்லை. லீவன்ஹூக் அடுத்த 50 ஆண்டுகள், சாகும் வரை, லண்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் ஆய்வுக் கட்டுரை என்று எதையும் எழுதவில்லை. எல்லாமே கடிதம்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேச்சு டச்சில், பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவை.

1674: ஏரித் தண்ணீரில் என்ன இருந்தது?

டெல்ஃப்டில் இருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் பெர்கெல்ஸே மேர் என்ற ஏரி இருந்தது. அடியில் சேறு. குளிர்காலத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும். கோடை வந்தால் வெண்மையாகக் கலங்கி, பச்சைப் பச்சையாக மேகம் போல ஏதோ மிதக்கும். பனி விழுவதால் அப்படி ஆகிறது என்று உள்ளூர் மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1674 கோடையில் அந்த வழியாகப் போன லீவன்ஹூக், ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தண்ணீரை எடுத்து வந்தார். மறுநாள் லென்ஸில் வைத்துப் பார்த்தார்.

பச்சை இழைகள் பாம்புச் சுருள் போல அழகாகச் சுற்றிக்கொண்டு கிடந்தன. ஸ்பைரோகைரா என்று நாம் இன்று அழைக்கும் பாசியாக அது இருக்க வேண்டும். அதை விட ஆச்சரியம், அவற்றுக்கு நடுவே உயிருள்ள என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தன. சில உருண்டை, சில நீள்வட்டம். சிலவற்றுக்குக் கால் போலவும் துடுப்பு போலவும் ஏதோ இருந்தன. மேலே, கீழே, சுற்றிச் சுற்றி அவ்வளவு வேகம். அதுவரை அவர் பார்த்த மிகச் சிறிய உயிர், பாலாடைக்கட்டியிலும் மாவிலும் இருக்கும் சிற்றுண்ணி. அதை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியவை இவை என்று கணக்குப் போட்டார்.

1674 செப்டம்பர் 7 அன்று இதைக் கடிதமாக எழுதி லண்டனுக்கு அனுப்பினார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த ஏரித் தண்ணீரில் அவர் பார்த்தவை பெரும்பாலும் பாசிகளும், பாக்டீரியாவை விடப் பல மடங்கு பெரிதான ஒருசெல் உயிரிகளும்தான் என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. பாக்டீரியாவைப் பார்க்க இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வெறும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாழ்கின்றன என்ற கதவு அன்றுதான் திறந்தது. அதற்குப் பிறகு மழைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர், கால்வாய்த் தண்ணீர் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது?

பாக்டீரியா கண்டுபிடிப்புக்குக் காரணம் இந்த எளிய கேள்விதான். டச்சுக் கப்பல்கள் கிழக்கில் இருந்து மிளகைக் கொண்டுவந்து குவித்த காலம் அது. மிளகின் மேல் நுண்ணிய முட்கள் மாதிரி ஏதாவது இருந்து, நாக்கைக் குத்துவதால்தான் காரம் தெரிகிறதோ என்று லீவன்ஹூக்குக்குச் சந்தேகம். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சுமார் மூன்று வாரம் ஊறியது.

1676 ஏப்ரல் 24 அன்று அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது முள் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, அதுவரை பார்த்த எல்லாவற்றையும் விடச் சின்ன உயிர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

எவ்வளவு சின்னது? அளவுகோல் எதுவும் கையில் இல்லை. மைக்ரோமீட்டர் என்ற அலகு வரவில்லை. அதனால் எல்லோருக்கும் தெரிந்த பொருளோடு ஒப்பிட்டார். இந்த உயிர்களில் நூறை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடத்தினாலும் ஒரு பெருமணலின் நீளத்துக்கு வராது. நீளத்தில் நூறு, அகலத்தில் நூறு, உயரத்தில் நூறு என்றால், ஒரு மணலின் பருமனுக்கு ஈடாகப் பத்து லட்சம் வேண்டும். நிலம் அளந்த கணக்கு இங்கேதான் கைகொடுத்தது.

இந்த அளவில் இருக்கக்கூடிய உயிர் பாக்டீரியாதான். மனிதர் ஒருவர் பாக்டீரியாவைப் பார்த்ததற்கான முதல் உறுதியான பதிவாக இதைத்தான் கருதுகிறார்கள். 1676 அக்டோபர் 9 தேதியிட்ட நீண்ட கடிதத்தில் இதை எல்லாம் எழுதி லண்டனுக்கு அனுப்பினார்.

லண்டன் ஏன் நம்பவில்லை?

கடிதம் ராயல் சொசைட்டியில் பெரிய சலசலப்பை ஏற்படுத்தியது. பேன், தேனீ வரைக்கும் சரி. ஒரு சொட்டுத் தண்ணீரில் ஆயிரம் ஆயிரமாக உயிர்கள் என்றால்? எழுதியவரோ ஒரு துணி வியாபாரி. பட்டம் இல்லை, லத்தீன் தெரியாது. கருவியையும் காட்ட மாட்டார்.

அவர்கள் நம்பத் தயங்கியது தப்பில்லை. யார் சொன்னாலும் சரி, இன்னொருவர் செய்து பார்த்து அதே முடிவு வந்தால்தான் ஏற்க வேண்டும் என்பது ராயல் சொசைட்டியின் அடிப்படைக் கொள்கை. தாவரவியலாளர் நெகமையா குரூவிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவரால் உறுதிப்படுத்த முடியவில்லை.

லீவன்ஹூக் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். நில விற்பனையோ கடன் பத்திரமோ என்றால் என்ன செய்வோம்? சாட்சி வைப்போம். அதையேதான் அவரும் செய்தார். மதபோதகர்கள், நோட்டரி உள்பட ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரை அழைத்து லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1677 அக்டோபரில் அந்தச் சாட்சியங்கள் லண்டனுக்குப் போயின.

ஆனால் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவர் ராபர்ட் ஹூக். சொந்தமாக மிளகுத் தண்ணீர் தயாரித்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களும் செய்து, நுண்ணோக்கியைச் சரிசெய்து திரும்பத் திரும்பப் பார்த்தார். முதல் முயற்சிகளில் ஒன்றும் தெரியவில்லை. 1677 நவம்பர் 15 அன்று சொசைட்டி கூட்டத்திலேயே எல்லோருக்கும் காட்டினார். கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உள்பட அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள். சந்தேகம் போனது.

1680-ல் லீவன்ஹூக்கை ராயல் சொசைட்டி தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த அந்தஸ்தோடு அவர் ஒரு கூட்டத்துக்குக் கூடப் போனதில்லை. டெல்ஃப்டில் தன் வீட்டிலேயே வேலையைத் தொடர்ந்தார்.

பல்லழுக்கில் ஒரு வகைப்பாடு

1683-ல் தன் பல்லிடுக்கில் இருந்து வெள்ளையாக மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி, மழைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். இவர் தினமும் உப்பு போட்டுப் பல் தேய்க்கிறவர். அப்படியும் அதில் உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் பல்லே விளக்காத ஒரு முதியவரின் பல்லழுக்கையும் வாங்கிப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம்.

இந்தக் கடிதத்தோடு அனுப்பிய படம்தான் பாக்டீரியாவின் முதல் ஓவியமாகக் கருதப்படுகிறது. குச்சி வடிவம், உருண்டை வடிவம், சுருள் வடிவம் மூன்றும் அதில் இருக்கின்றன. ஓர் உயிர் எந்தப் பாதையில் நகர்ந்தது என்பதைக் கூடப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தார்.

அவர் செய்த வகைப்பாடு இவ்வளவுதான்: வடிவம் என்ன, அளவு என்ன, எப்படி நகர்கிறது. முதல் வகை மீன் மாதிரி பாய்ந்து போகும். இரண்டாம் வகை பம்பரம் போலச் சுற்றும். இப்படி எண் போட்டுப் பிரித்தாரே தவிர, எதற்கும் பெயர் வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குட்டி விலங்குகள் என்று பொருள்படும் ஒரே டச்சுச் சொல்தான்.

அந்தப் பல்லழுக்கு நோயோடு தொடர்புடையதா என்ற கேள்விக்கும் அவர் போகவில்லை. பார்ப்பது, அளப்பது, எழுதுவது. அதோடு அவர் வேலை முடிந்தது.

ரகசியத்தின் விலை என்ன?

புகழ் பெருகியது. 1698-ல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் டெல்ஃப்ட் வழியாகப் படகில் வந்தபோது லீவன்ஹூக்கை வரவழைத்து, விலாங்கு மீன் வாலில் ரத்தம் ஓடுவதை லென்ஸ் வழியாகப் பார்த்தார். ரத்தச் சிவப்பணுக்கள், விந்தணுக்கள், தசை நார்கள் என்று அவர் விவரித்தவற்றின் பட்டியல் நீளம்.

வருகிறவர்களுக்குக் கருவிகளைக் காட்டுவார். ஆனால் அவை சுமாரானவை. மிகச் சிறந்தவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். லென்ஸ் செய்யும் முறையையும், மிகச் சிறியவற்றைப் பார்க்கும் உத்தியையும் யாருக்கும் சொல்லவில்லை. இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி தத்துவஞானி லைப்னிட்ஸ் கடிதம் எழுதிக் கேட்டபோதும் மறுத்துவிட்டார். ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கூட இதற்கான பொறுமை இருக்காது என்கிற ரீதியில் இருந்தது அவர் எண்ணம்.

1723 ஆகஸ்ட் 26 அன்று, 90 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் உதரவிதானம் துடிக்கும் வினோத நோயால் அவதிப்பட்டார். அதையும் கவனித்து லண்டனுக்கு எழுதினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர் உண்டு.

26 வெள்ளி நுண்ணோக்கிகளை ராயல் சொசைட்டிக்கு எழுதி வைத்திருந்தார். மகள் மரியா அனுப்பி வைத்தார். பின்னாளில் அவை காணாமல் போயின. மரியா இறந்த பிறகு, வீட்டில் இருந்த நூற்றுக்கணக்கான கருவிகளும் 1747-ல் ஏலத்துக்குப் போயின. இன்று உலகில் மிஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணக் கூடியவைதான்.

செய்முறை அவரோடு போனது. அவர் அளவுக்குத் தெளிவாகப் பாக்டீரியாவைப் பார்க்கக்கூடியவர்கள் அடுத்த நூறு ஆண்டுகளில் மிகச் சிலர்தான். நல்ல கூட்டு நுண்ணோக்கிகள் 1830-களுக்குப் பிறகுதான் வந்தன.

அந்த ரகசியம்தான் என்ன? 2021-ல் டச்சு ஆய்வாளர்கள், கருவியைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி உள்ளே இருக்கும் லென்ஸைப் படம் பிடித்தார்கள். அவருடைய அதிசக்தி லென்ஸ், கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கிச் செய்த ஒரு சின்ன உருண்டை. அந்த முறையை 1665-லேயே மைக்ரோகிராஃபியா முன்னுரையில் எழுதி வெளியிட்டவர் வேறு யாரும் இல்லை, ராபர்ட் ஹூக்தான்!

பெயர் வைத்தது யார்?

லீவன்ஹூக் எண் மட்டும் போட்டுவிட்டுப் போன உயிர்களை வகைப்படுத்த அறிவியல் ரொம்பத் திணறியது. உலகத்தில் உள்ள எல்லா உயிர்களுக்கும் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் கூட இங்கே வந்து தடுமாறினார். 1767-ல் வெளியான தன் பெரும் பட்டியலில், இந்த நுண்ணுயிர்களைக் குழப்பம் என்று பொருள்படும் கேயாஸ் என்ற தலைப்பின் கீழ் போட்டு வைத்தார்.

1838-ல் ஜெர்மனியின் எரன்பெர்க் பெரிய நூல் எழுதினார். பாக்டீரியம் என்ற பெயரை அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். 1872-ல் ஃபெர்டினாண்ட் கோன், வடிவத்தை வைத்து பாக்டீரியாக்களை நான்கு குழுக்களாக, ஆறு பேரினங்களாகப் பிரித்தார். உருண்டை, குட்டைக் குச்சி, நீளக் குச்சி, சுருள். லீவன்ஹூக் 1683-ல் வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடிப்படை ஒன்றுதான்.

ஆனால் வடிவம் மட்டும் போதாது. இரண்டு குச்சிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று மண்ணில் சும்மா கிடக்கும், இன்னொன்று ஆளைக் கொல்லும். இதைத் தாண்ட 1977 வரை ஆனது. அமெரிக்காவின் கார்ல் வோஸ், எல்லா உயிர்களின் செல்லிலும் இருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு உறவுமுறை கண்டுபிடிக்கும் வழியைக் காட்டினார்.

எரன்பெர்க், கோன், வோஸ் மூவருக்கும் ஒரு பொதுவான விருது உண்டு. நெதர்லாந்து அறிவியல் கழகம் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை வழங்கி வந்த லீவன்ஹூக் பதக்கம்.

இன்று ஏரியில் புது பாக்டீரியா கிடைத்தால் என்ன செய்வார்கள்?

முதலில் தண்ணீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடிப்பார்கள், அல்லது நீர்த்து அகார் தட்டில் தடவுவார்கள். சில நாட்களில் புள்ளி புள்ளியாகக் காலனிகள் வளரும். ஒரு காலனியை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்பப் புதுத் தட்டில் கோடு இழுத்து வளர்ப்பார்கள். வேறு எதுவும் கலக்காத தூய வளர்ப்பு வேண்டும். லீவன்ஹூக்கிடம் இல்லாத முதல் விஷயம் இதுதான். அவர் பார்த்தது எப்போதும் கலவைக் கூட்டம்.

அடுத்து, கிராம் சாயம் போட்டு வடிவமும் செல்சுவரும் பார்ப்பார்கள். எந்த வெப்பநிலையில் வளர்கிறது, எவ்வளவு உப்பு தாங்கும், எதைச் சாப்பிடும் என்று சோதிப்பார்கள்.

பிறகு மரபணு. 16 எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. என்ற சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள மரபணுவின் வரிசையை, ஏற்கெனவே தெரிந்தவற்றோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது இனமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிடுவார்கள். சராசரி ஒற்றுமை 95 முதல் 96 சதவீதம் என்ற எல்லைக்குக் கீழே போனால் தனி இனம் என்று ஏற்பார்கள்.

கடைசி நிபந்தனைதான் இந்தக் கதைக்கு முக்கியமானது. அந்த பாக்டீரியாவின் உயிருள்ள மாதிரியை, குறைந்தது இரண்டு வேறு வேறு நாடுகளில் உள்ள நுண்ணுயிர் சேமிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும். உலகின் எந்த ஆய்வாளரும் அதை வாங்கி, தானே சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். அதன் பிறகுதான் லத்தீன் முறைப்படி வைத்த பெயர் செல்லும்.

அதாவது, என் கருவியைக் காட்ட மாட்டேன், நான் பார்த்ததை மட்டும் நம்புங்கள் என்பதற்கு இன்று இடமே இல்லை. எட்டுச் சாட்சிகளின் கையெழுத்தும் செல்லாது. ஹூக் செய்தது போல யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்க முடிவதுதான் சாட்சி.

2005-ல் கடல்வாழ் பாக்டீரியாக்களின் புதிய பேரினம் ஒன்றுக்கு லீவன்ஹூக்கியெல்லா என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் தெரியாத டெல்ஃப்ட் ஜவுளிக்கடைக்காரரின் பெயர், லத்தீன் வடிவத்தில், அவர் முதலில் பார்த்த உயிர்களின் குடும்பப் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது. அதன் மாதிரிகள் சேமிப்பு மையங்களில் உயிரோடு இருக்கின்றன. கேட்கிற ஆய்வாளருக்கு அனுப்பி வைப்பார்கள்.